தைமூர் ஊரிலிருந்து தம்பிக்கு

சமர்கந்து, உஸ்பெகிஸ்தான்,
டிசம்பர் மாதம், வெள்ளிக்கிழமை இரவு

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நான் நலம். நீயும் வாப்பா, உம்மா, ராத்தா வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். மங்கோலிய அரசன் செங்கிஸ்கானையும், இந்த ஊரைத் தலைநகராக வைத்து ஆண்ட தைமூரையும் 'நம் ஆட்கள்' என்று பெருமையாக நீ அனுப்பிய செய்தியைப் படித்து எட்டு நாளாகிவிட்டது. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொள்வோம், கடைசியில் உம்மா அழும். அதனால் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு வந்து, போர்வைக்குள் காலை விட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் என் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நாலு மணிக்கு எழுந்தால்தான் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகுமுன் இட்லியோ பொங்கலோ இறக்க முடியும். 200 பேர் சாப்பிடுகிறார்கள். இட்லி மாவு இந்தக் குளிரில் பொங்காது. ஹீட்டர் பக்கத்தில் அண்டாவை வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிவிட்டுத் தூங்குகிறேன். கறிவேப்பிலை, லீவு முடிந்து எந்தப் பிள்ளை ஊரிலிருந்து வருகிறதோ அதன் பெட்டியில்தான் வரும். கேரட் இங்கே மஞ்சளாக இருக்கிறது. ஆனால் ரொட்டியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 'நோன்' என்பார்கள். வட்டமாக, கனமாக, நடுவில் குழிந்து எள் தூவிப் பளபளவென்று இருக்கும். அதைத் தலைகீழாக வைத்துவிட்டால் பெரியவர்கள் பேசாமல் எழுந்து வந்து திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். கீழே விழுந்த சோற்றை உம்மா எடுத்து ஓரமாக வைக்குமே, அது நினைவுக்கு வரும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து சலாம் சொல்லி, "இந்தியா? ராஜ் கபூர்!" என்றார். டீ ஊற்றும்போது கோப்பையில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிட்டேன். நிறைய ஊற்றினால் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று அர்த்தமாம், கொஞ்சமாக ஊற்றினால் திரும்பத் திரும்ப ஊற்றலாம், விருந்தாளி இருப்பார். இப்போது நான் அவர் வீட்டில் ஐந்தாறு கோப்பை குடிக்கிறேன். அவருடைய ரஷ்யன் கலந்த உஸ்பெக்கும் என்னுடைய அரைகுறையும் சேர்ந்து எப்படியோ பேச்சு நடக்கிறது. நான் கீழே எழுதுவதில் பாதி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செங்கிஸ்கான், தைமூர் படங்களை நீ போனில் வைத்திருப்பதாக வாப்பா சொன்னார்கள். "காக்கா, நீ கொடுத்துவைத்தவன், தைமூர் ஊரில் இருக்கிறாய். நம் ஆட்களைப் பார்த்து உலகமே நடுங்கிய காலம் ஒன்று இருந்தது" என்று நீ எழுதியிருக்கிறாய். அறையில் கூட இருக்கும் பையன் உன்னைப் பார்த்து என்ன சொன்னான் என்பதும் எனக்குத் தெரியும், ராத்தா சொன்னது. அதைக் கேட்டு அன்றைக்கு எனக்கும் வேலை ஓடவில்லை. தலைகுனிந்து நின்ற பிறகு, என்றைக்கோ தலைநிமிர்ந்து நின்ற ஒருவனைத் தேடுவது எவருக்கும் வரும். அதற்காக உன்னைக் கோபிக்கவில்லை. நீ தேடிப் பிடித்த ஆட்களைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது.

செங்கிஸ்கான் முஸ்லிமே இல்லை, தம்பி. 'கான்' என்பதைப் பார்த்து நம் பையன்கள் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அது புல்வெளிக் கூட்டத்தார் தங்கள் அரசனுக்கு வைத்த பட்டம். அவன் வணங்கியது வானத்தை. அவனுடைய வணிகக் கூட்டத்தை, அதில் போனவர்களும் முஸ்லிம் வியாபாரிகள்தான், ஒத்ரார் என்ற ஊரில், இந்தப் பக்கத்தை அப்போது ஆண்ட முஸ்லிம் அரசர் குவாரிஸ்ம் ஷாவின் ஆளுநர் கொன்று சரக்கைப் பிடுங்கிக்கொண்டான். அது அநியாயம்தான். ஆனால் அதற்குப் பழி வாங்க வந்தவன் 1220-ல் புகாராவைப் பிடித்தான், அடுத்த மாதமே இந்தச் சமர்கந்தைப் பிடித்தான். புகாராவின் பெரிய பள்ளிவாசலில் குர்ஆன் வைத்திருந்த பெட்டிகளைக் காலி செய்து குதிரைகளுக்குத் தீனித் தொட்டியாக்கினார்கள் என்று ஜுவைனி என்ற பாரசீகச் சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். அவர் மங்கோலியர்களிடமே வேலை பார்த்தவர், அவர்களுக்குக் கெட்ட பெயர் உண்டாக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதே காலத்தில் வாழ்ந்த இப்னுல் அதீர் என்ற சரித்திர ஆசிரியர், இந்தப் பேரழிவை எழுத மனம் வராமல் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் "என் தாய் என்னைப் பெறாமலே இருந்திருக்கலாமே" என்று சொல்லித்தான் எழுத ஆரம்பித்தார். 1258-ல் செங்கிஸின் பேரன் ஹுலாகு பக்தாதில் நுழைந்து கலீஃபாவையே கொன்றதை நீ மத்ரஸாவிலேயே கேட்டிருப்பாய். ஹுலாகுவின் சொந்தப் பெரியப்பா மகன் பெர்கே, இஸ்லாத்துக்கு வந்த மங்கோலிய அரசன், அவன் மேல் படை எடுத்தான். மேய்ச்சல் நிலத் தகராறும் அதில் உண்டு, ஆனால் கலீஃபாவின் ரத்தமும் ஒரு காரணம்.

தைமூர் வேறு, அவர் முஸ்லிம், தொழுதவர், ஆலிம்களை, மார்க்க அறிஞர்களை, பக்கத்தில் வைத்திருந்தவர் என்று நீ சொல்வாய். உண்மைதான். இங்கிருந்து தெற்கே ஷஹ்ரிஸப்ஸ் பக்கம் 1336-ல் பிறந்தவர். மங்கோலிய வம்சத்துப் பர்லாஸ் கூட்டம், ஆனால் துருக்கியம் பேசி முஸ்லிமாகிவிட்டவர்கள். செங்கிஸின் நேர் வாரிசு இல்லாததால் கடைசிவரை 'கான்' என்று போட்டுக்கொள்ளவில்லை. செங்கிஸ் வழிவந்த பெண்ணைக் கட்டி 'குர்கான்', அதாவது மருமகன், என்று போட்டுக்கொண்டார். யாருடைய பெருமையைத் தனக்கு வேண்டும் என்று நினைத்தார் பார்.

இங்கே அவரை 'தைமூர் பாபோ', பாட்டனார், என்கிறார்கள். தாஷ்கண்டில் முன்பு கார்ல் மார்க்ஸின் தலை இருந்த பூங்காவில் 1993-லிருந்து தைமூர் குதிரைமேல் இருக்கிறார். சமர்கந்தில் உட்கார்ந்திருக்கிறார், ஷஹ்ரிஸப்ஸில் நிற்கிறார். கல்யாண ஜோடிகள் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர் என்னிடம் சொன்னார்: "எழுபது வருடம் எங்களுக்குச் சரித்திரமே மாஸ்கோவில் எழுதப்பட்டது. தைமூரைக் காட்டுமிராண்டி என்று நானே வகுப்பில் நடத்தினேன். நாடு கைக்கு வந்ததும் எங்களுக்கு ஒரு பாட்டனார் வேண்டியிருந்தது." அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவர்களுடைய மண், அவர்களுடைய காயம். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நீ உஸ்பெக் இல்லை. 'முஸ்லிம்' என்ற முறையில்தான் நீ தைமூரைச் சொந்தம் கொண்டாடுகிறாய். அந்த முறையில் பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது.

அவர் யாரோடு சண்டை போட்டார் என்று மட்டும் பார். இஸ்ஃபஹான், டெல்லி, அலெப்போ, டமாஸ்கஸ், பக்தாத். 1402-ல் அங்காராவில் துருக்கியின் உஸ்மானியச் சுல்தான் பாயஸீதைச் சிறைபிடித்தார். அந்த அடியால் கான்ஸ்டான்டினோபிள் இன்னும் ஐம்பது வருடம் உஸ்மானியர் கைக்கு மாறாமல் நின்றது. பிரான்சு, இங்கிலாந்து அரசர்களெல்லாம் அவருக்குக் கடிதம் எழுதினார்கள், ஸ்பெயின் பக்கத்துக் காஸ்டில் அரசர் தூதரை இந்தச் சமர்கந்துக்கே அனுப்பினார். முஸ்லிம் உலகத்தை அவரைப்போல் அடித்த இன்னொரு முஸ்லிம் அரசர் யார் என்று பெரியவரிடம் கேட்டேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

அப்புறம் அவரே இஸ்ஃபஹான் கதையைச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. 1387. ஊர் முதலில் பணிந்துவிட்டது. வரி வாங்க வந்தவர்களை ஒரு ராத்திரி ஊர்க்காரர்கள் எழுந்து கொன்றுவிட்டார்கள். ஒவ்வொரு படைப்பிரிவும் இத்தனை தலை கொண்டுவர வேண்டும் என்று தைமூர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். சிப்பாய்களிலும் முஸ்லிம்கள் உண்டல்லவா, சிலருக்குக் கை வரவில்லை. அவர்கள் வெட்டுகிறவர்களிடமிருந்து தலைகளை விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டினார்கள். முதலில் ஒரு தலை 20 தீனார். எல்லாரும் கணக்கை முடித்த பிறகு அரைத் தீனாருக்குக்கூட வாங்க ஆளில்லை. இதை எழுதியவர் தைமூரைப் புகழ்ந்து சரித்திரம் எழுதிய யஸ்தி. மொத்தம் 70,000 என்கிறார்கள். ஹாஃபிஸே அப்ரூ என்ற சரித்திர ஆசிரியர் பிறகு மதில் ஓரமாகப் பாதிச் சுற்று நடந்து எண்ணியிருக்கிறார்: 28 மண்டையோட்டுக் கோபுரம், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,500. அந்தத் தலைகள் கலிமா சொன்ன தலைகள், தம்பி. நீ அன்றைக்கு அந்த ஊரில் இருந்திருந்தால் யாருடைய பக்கம் நின்றிருப்பாய் என்று நான் கேட்கவில்லை. எந்தக் கோபுரத்தில் இருந்திருப்பாய் என்றுதான் கேட்கிறேன்.

டெல்லிக் கதையும் உண்டு. 1398 டிசம்பரில் சண்டைக்கு முன்னால், பிடித்துவைத்திருந்த கைதிகள் 1,00,000 பேரைக் கொல்லச் சொன்னார் என்று அவர் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் இந்துக்கள். அதனால் பரவாயில்லை என்று உனக்குள் ஒரு மூலையில் தோன்றினால், அதை இன்றைக்கே பிடுங்கி எறி. கை கட்டப்பட்டவனைக் கொல்வதில் என்ன வீரம் இருக்கிறது? அந்த டெல்லியை ஆண்ட சுல்தான் மஹ்மூத் துக்ளக்கும் முஸ்லிம்தான்.

டெல்லியிலிருந்து திரும்பியதும் அவர் கட்ட ஆரம்பித்த பள்ளிவாசலின் பெயர் 'பீபி கானும்'. டெல்லி யானைகள் கல் இழுத்தன, இந்துஸ்தானத்துக் கல்தச்சர்கள் வேலை செய்தார்கள். அதை ஒட்டித்தான் சியோப் பஜார் இருக்கிறது. தினமும் விடியற்காலையில் உருளைக்கிழங்கு மூட்டையோடு அந்தச் சுவரைத் தாண்டித்தான் வருகிறேன். பனி பெய்திருந்தால் நீல ஓடு பதித்த அந்தக் குவிமாடம் கண்ணைப் பறிக்கும். பொய் சொல்லமாட்டேன், அவ்வளவு அழகு. ஆனால் நான் விசாவில் வந்தேன், இரண்டு வருடத்தில் ஊருக்கு வருவேன். அந்தத் தச்சர்கள் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். வீட்டுக்கு ஒரு சேதி அனுப்ப அவர்களுக்கு வழி இருந்திருக்குமா?

தைமூரின் கப்ருக்கும் போயிருக்கிறேன். உள்ளே சுவரெல்லாம் தங்கம். நடுவில் கறுப்பு போன்ற கரும்பச்சைக் கல், இரண்டாகப் பிளந்து ஒட்டியிருக்கிறது. ஃபாத்திஹா ஓதினேன். முஸ்லிம் மய்யித்துக்கு ஓதுவது நம் வழக்கம், கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். பக்கத்திலேயே பேரன் உலுக் பேக்கும் அடங்கியிருக்கிறார். அவரைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே? ஊருக்கு வெளியே மேட்டில் வான் ஆராய்ச்சிக்கூடம் கட்டி 1,018 நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்துவைத்தவர். பூமியைக் குடைந்து இறங்கும் அந்தக் கருவியின் மிச்ச வளைவை நேரில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இன்னொரு கப்ரும் இங்கே இருக்கிறது. சமர்கந்திலிருந்து 25 கிலோமீட்டர் தூரத்தில், கர்தங் என்ற இடத்தில். நம் ஊரில் வருடாவருடம் புகாரி ஷரீஃப் ஓதும் மஜ்லிஸுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேனே, அங்கே பங்கிடும் நார்சாப் பண்டத்தை வாங்கித் தரும்வரை அழுவாயே, அந்த இமாம் புகாரியின் கப்ரு. புகாரா ஆளுநர் தன் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்த அரண்மனைக்கு வரச் சொன்னபோது இமாம் போகவில்லை. அதனால் சொந்த ஊரை விட்டே போகவேண்டிவந்து, 870-ல் இங்கே வஃபாத்தானார்கள். அவர்கள் தொகுத்த கிதாபில் நபித்தோழர் இப்னு உமர் (ரலி) சொன்ன ஒரு ஹதீஸ், நபிமொழி, இருக்கிறது: ஒரு போரில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்தார்கள். ஒரே ஒரு பெண்ணின் மய்யித்துக்காக. இது தைமூருக்கு 500 வருடம் முன்பே இதே மண்ணில் இருந்தவர் எழுதிவைத்தது. தைமூரிடம் இருந்த ஆலிம்கள் ஓதாததா?

நீ யாரை நினைத்து நிமிர்ந்து நடப்பது என்று கேட்டால், நம் பாண்டிநாட்டுக் கடற்கரைக் காயலையே பார். மார்க்கோ போலோ குப்ளாய் கானிடமிருந்து திரும்பும் வழியில் பார்த்த துறைமுகம் அது. பாரசீகக் கடலிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. பாண்டிய ராஜாவுக்கு தகியுத்தீன் என்ற முஸ்லிம் அமைச்சராக இருந்தார். நம் தீன், நம் மார்க்கம், அங்கே கப்பலில் வியாபாரத்தோடு வந்தது. கடன் சொன்னபடி கொடுத்து, தராசு சரியாகப் பிடித்து வந்தது. அதைச் சொல்லி அந்தப் பையனிடம் பேசு. அவனும் அந்தக் கரைக்காரன்தானே, கேட்பான்.

படத்தை மாற்று, மாற்றாமல் இரு, உன் இஷ்டம். ஆனால் லீவுக்கு நீ இங்கே வந்தால் முதலில் கர்தங்குக்குத்தான் கூட்டிப்போவேன், அப்புறம் உலுக் பேக் மேடு, கடைசியாக தைமூர். பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார். அவரோடு நீயே வாதாடிக்கொள், டீ மட்டும் குறைவாக ஊற்றினால் கோபிக்காதே.

வாப்பாவின் மாத்திரைக்குப் பணம் திங்கள்கிழமை போட்டுவிடுகிறேன். வரும்போது உம்மாவிடம் மாசிக் கருவாடும், ஈரத்துணியில் சுற்றிக் கறிவேப்பிலையும் வாங்கி வா. கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துக்கொள், ஊர்க் குளிர் மாதிரி நினைத்துவிடாதே.

வஸ்ஸலாம்.

உன் காக்கா