ஏழு பேர் இருக்கிறோம், ஐயா

மதிப்பிற்குரிய கணிதத் துறைத்தலைவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதம் பற்றித்தான் எழுதுகிறேன். கோடிங் தியரி ரத்து, மாணவர்கள் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்பில் சேரவும் என்று ஒன்றரை வரி. செமஸ்டர் தொடங்கி நான்காவது வாரத்தில்.

விருப்பப் பாடம் நடக்க 10 பேர் வேண்டும் என்ற விதி எங்களுக்கும் தெரியும். பதிவு செய்தபோது 19 பேர் இருந்தோம் என்பது உங்களுக்கும் தெரியும். மற்ற 12 பேர் ஏன் போனார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

படிவத்தில் ஐந்து பாடங்களின் பெயர் இருந்தது. பெயர் மட்டும். பாடத்திட்டம் இல்லை, முன்பே எதைப் படித்திருக்க வேண்டும் என்ற குறிப்பு இல்லை, வகுப்பு நேரமும் இல்லை. கோடிங் என்றதும் பாதிப் பேர் கணினி நிரல் எழுதும் பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது, அனுப்பும் செய்தியில் நேரும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் கணிதம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். முதல் நாள் பலகையில் 0, 1 என்ற இரண்டே எண்ணுள்ள ஃபீல்டு என்ற எண் அமைப்பு வந்ததும் முகம் மாறிவிட்டது. இன்னும் சிலருக்கு வகுப்பு நேரம் ரியல் அனாலிசிஸ் வகுப்போடு மோதியது. ஒரே ஒரு பக்கம் பாடத்திட்டம் இணைத்திருந்தால் வேண்டாதவர்கள் வந்திருக்க மாட்டார்கள்; நிரல் எழுதச் சொல்வார்களோ என்று பயந்து எண் கோட்பாட்டுக்கு ஓடிய அல்ஜீப்ரா பிரியர்கள் எங்களோடு இருந்திருப்பார்கள். அப்போதும் ஆள் சேரவில்லையென்றால் சரி, முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மிஞ்சிய 7 பேரும் விரும்பியே உட்கார்ந்திருந்தோம். கடைசியாக நடந்த வகுப்பு ஹாமிங் குறியீடு. அனுப்ப வேண்டிய நான்கு பிட்டுகளோடு (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1) மூன்று சோதனை பிட்டுகளைச் சேர்த்து ஏழாக அனுப்புவது. ஆசிரியர் 0110011 என்று எழுதி, எங்களைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு ஒரு பிட்டை மாற்றினார். திரும்பிப் பார்த்தால் 0110111. மூன்று சோதனைகளையும் போட்டுப் பார்த்தோம்; பொருந்தினால் 0, பொருந்தாவிட்டால் 1. 101 என்று வந்தது. இரும எண்ணில் அது 5. ஐந்தாவது பிட்தான் தவறு! கணிதம் படிக்க வந்ததற்காக அன்று சந்தோஷப்பட்டேன், ஐயா. என் நோட்டு அந்தப் பக்கத்தோடு நிற்கிறது.

ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர் இதை 1950இல் வெளியிட்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அவர் வார இறுதியில் ஓடவிட்டுப் போன கணக்கை, பிழை தட்டியதும் இயந்திரம் கைவிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுமாம். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா என்ற கடுப்பில் பிறந்ததுதான் இது. எங்கள் அலுவலகம் இன்னும் அந்த பழைய இயந்திரமாகவே இருக்கிறது.

அப்புறம், நாங்கள் சேர வேண்டிய ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்பில் வியாழக்கிழமை முதல் தேர்வு. சிம்ப்ளெக்ஸ் முறை, அதாவது கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் வழி. அவர்கள் மூன்று வாரம் படித்ததை நாங்கள் மூன்று நாளில் படிக்க வேண்டும். அந்தப் பாடத்தின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. சொல்லப்போனால், புத்தகத்தைப் புரட்டியபோது ஒதுக்கீட்டுக் கணக்கு என்று ஓர் அத்தியாயம் கண்ணில் பட்டது: யாருக்கு எதை ஒதுக்கினால் மொத்தச் சிரமம் குறையும் என்று கணக்கிடுவது. ஹரால்டு கூன் என்ற கணிதவியலாளர் 1955இல் அதற்கு ஹங்கேரியன் முறை என்று வழி எழுதிவைத்துவிட்டார். அதை வருடா வருடம் நடத்தும் துறை, விருப்பப் பாடத்தை முதலில் வந்தவருக்கு முதலில் என்று ஒதுக்குகிறது. கணிதத் துறைதானே இது?

மன்னிக்க வேண்டும், கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. கேட்பது இதுதான்: தொடங்கிய பாடத்தை முடிக்க விடுங்கள். ஆசிரியர் நடத்தத் தயார் என்று சொல்லியிருக்கிறார், அறையும் அந்த நேரத்தில் காலியாகத்தான் கிடக்கிறது. அடுத்த முறையிலிருந்து படிவத்தோடு பாடத்திட்டத்தையும் நேரத்தையும் தந்து, எது நடக்கும் எது நடக்காது என்பதை வகுப்பு தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். இந்த முறை மட்டும், தயவுசெய்து, தொடங்கியதை முடிக்க விடுங்கள்.

பாட மாற்றப் படிவத்தில் நாங்கள் யாரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. புதன்கிழமை மாலைக்குள் உங்கள் பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

பணிவுடன்,
கோடிங் தியரி மாணவர்கள் எழுவர் சார்பில் ஒரு மாணவி