18 வயதை நெருங்கும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு
எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று இப்போதுதான் சந்தேகம் வந்தவர்கள் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கோ சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் (பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம்) நிறுவனத்துக்கோ உடனே போங்கள்.

ஆனால் பிள்ளைக்கு 17 ஆகிவிட்டதென்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்: 18 முடிந்ததும் சட்டப்படி அவர்கள் பெரியவர்கள், வங்கியிலும் சொத்து விஷயத்திலும் அப்பா அம்மா என்பதற்காக மட்டும் நம் கையெழுத்து செல்லாது, ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன் கீழ் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லோருக்கும் இது தேவைப்படாது. தானே முடிவெடுக்க முடிகிற பிள்ளையிடமிருந்து தயவுசெய்து அந்த உரிமையைப் பறிக்காதீர்கள்.

அப்புறம் அதே தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் உண்டு, வயது வரம்பு இல்லை. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் சிக்கல் என்றால் இங்கேயே கேளுங்கள்.