பிளஸ் டூ பெற்றோர் கவனத்திற்கு: பொறியியல் கலந்தாய்வு

வணக்கம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சரிபார்க்க, வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளி நூலகத்தில் கூடுகிறோம்.

1. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் அசலைக் கொண்டு வரவும். இரண்டிலும் பெயரும் தலைப்பெழுத்தும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் வருகிறது.

2. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள் அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்கவும். அண்ணனோ அக்காவோ பட்டதாரி எனில் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை இல்லை.

3. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள், 7.5% உள்ஒதுக்கீட்டுக்கான படிப்புச் சான்றைத் தலைமையாசிரியரிடம் பெறவும்.

4. கணினி இல்லாதவர்கள் கலந்தாய்வு உதவி மையங்களிலேயே விண்ணப்பத்தைப் பதிவேற்றலாம்.

வருகிறவர்கள் மாணவர் பெயருடன் வெள்ளி இரவுக்குள் இங்கே பதிலிடவும்.