எர்த் குறை அல்ல, ஒயர் குறை: ஒலிப்பதிவு செட் பற்றிய புகார்

அனுப்புநர்:
ஒலிப்பதிவுப் பொறுப்பாளர்,
வில்லிசைக் குழு,
சேரன்மகாதேவி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வீட்டு ஒலிப்பதிவு செட்டில் தவறான மைக் ஒயர், படத்தில் இருந்த குமிழ் இல்லாத இன்டர்ஃபேஸ், 'சவுண்ட் புரூஃப்' என்று விற்ற ஃபோம் ஆகியவற்றை மாற்றித் தரவும் பணம் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையக் கடையில் 18,499 ரூபாய்க்கு வாங்கிய செட் சென்ற மாதம் வந்து சேர்ந்தது. இரண்டு சேனல் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) ஒன்று, கன்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) இரண்டு, ஐந்து மீட்டர் எக்ஸ்எல்ஆர் ஒயர் (முனையில் மூன்று பின் உள்ள மைக் ஒயர்) இரண்டு, பூம் ஸ்டாண்டு இரண்டு, ஹெட்போன் ஒன்று, அடிக்கு அடி சதுர ஃபோம் பன்னிரண்டு. எண்ணிக்கையில் குறைவில்லை. பாடுகிறவருக்கு ஒரு மைக், உடுக்கைக்கும் குடத்துக்கும் சேர்த்து ஒரு மைக் என்று வைத்துப் பதிவு செய்யத்தான் வாங்கினோம். முதல் நாளிலிருந்தே இரண்டு சேனலிலும் 'உம்ம்' என்று ஓயாத இரைச்சல். குடத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் சத்தம் கரகரவென்று உடைகிறது. பதிவைக் கேட்ட குடக்காரர் கேட்டது இது: "இது குடமா வே, மண்ணெண்ணெ டின்னா?"

மூன்று முறை போன் செய்தோம். மூன்று முறையும் இரைச்சலுக்குச் சொன்ன காரணம் ஒன்றே: "உங்க வீட்டு எர்த்திங் சரியில்ல சார், எலக்ட்ரீஷியனைப் பாருங்க." பார்த்தாயிற்று. மூன்று பின் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1.6 வோல்ட்தான் இருக்கிறது. அதில் கோளாறு இல்லை. அதற்கு மேலும் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, மெயினையே அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். இன்டர்ஃபேஸுக்கு மின்சாரம் யுஎஸ்பி வழியாகத்தான் வருகிறது, ஆகவே அந்த நேரத்தில் வீட்டு எர்த்துக்கும் செட்டுக்கும் தொடர்பே கிடையாது. இரைச்சல் குறைந்ததே தவிர போகவில்லை. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடியதும் மறுபடி ஏறியது. எர்த் குறை என்றால் இப்படி நடக்காது.

குறை உங்கள் ஒயரில் இருக்கிறது. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, எதிலும் செருகாத ஒயரின் ஒரே முனையில் பின் 1-ஐயும் பின் 3-ஐயும் தொட்டால் பீப் அடிக்கிறது. இரண்டு ஒயரிலும், இரண்டு முனையிலும் அப்படியே. எக்ஸ்எல்ஆரில் 1 ஷீல்டு, அதாவது உள்கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறை; 2-லும் 3-லும் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் வரும். வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் இன்டர்ஃபேஸ் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது ஒழிந்துபோகும். 3-ஐக் கொண்டுபோய் 1-இல் கட்டிவிட்டால் கழிக்க எதுவும் மிஞ்சாது; ஐந்து மீட்டர் ஒயர் ஏரியலாகி, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அத்தனையையும் பிடிக்கும்.

கனெக்டரைத் திருகித் திறந்தோம். பின் 1-க்கும் 3-க்கும் இடையில் சிறு கம்பித் துண்டு, நல்ல பளபளப்பான சால்டர். கைதவறி ஒழுகிய ஈயம் அல்ல அது, வேண்டுமென்றே போட்ட இணைப்பு. ஏன் போட்டார்கள் என்பது ஒயரின் தோலைச் சீவியதும் தெரிந்தது: உள்ளே ஷீல்டைத் தவிர ஒரே ஒரு கம்பிதான். இது கிட்டாருக்குப் போகும் மோனோ ஒயர். மூன்றாவது பின்னுக்குக் கொடுக்கக் கம்பி இல்லாததால் ஷீல்டோடு இணைத்துவிட்டார்கள். இணைப்பை வெட்டி நாங்களே சரிசெய்யலாம் என்று உங்கள் ஆள் சொன்ன யோசனையும் இதனால் அடிபட்டுப் போகிறது. வெட்டினால் பின் 3 அந்தரத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

குடம் உடைவதற்கும் இந்த ஒயர்தான் காரணம். கன்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் பாண்டம் பவர் (இன்டர்ஃபேஸ் மைக் ஒயர் வழியாகவே அனுப்பும் மின்சாரம்), தலா 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பின் 2, பின் 3 இரண்டிலும் வர வேண்டும். இன்டர்ஃபேஸின் சாக்கெட்டில் நேரடியாக அளந்தால் 47.2 வோல்ட் காட்டுகிறது, பாராட்ட வேண்டிய அளவு. உங்கள் ஒயரைச் செருகி மறுமுனையில் அளந்தால் பின் 3-இல் பூஜ்யம், பின் 2-இல் 39. பின் 3-இன் ரெசிஸ்டர் வழியாக மட்டும் 5.7 மில்லி ஆம்பியர் சும்மா ஷீல்டுக்கு ஓடுகிறது. யுஎஸ்பியின் 5 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சிறிய சர்க்யூட் அந்தச் சுமையில் திணறுகிறது. பாதி வயிறு சாப்பிட்ட மைக், சாதாரணப் பேச்சுக்குத் தாங்கும். குடத்தின் அடிக்குத் தாங்காது.

திருநெல்வேலி டவுனில் இரண்டு கம்பியும் ஷீல்டும் உள்ள ஐந்து மீட்டர் ஒயர் ஒன்று வாங்கி அதே மைக்கில் மாட்டினோம். மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைத் தொடவில்லை. மைனஸ் 47 டெசிபலில் நின்ற இரைச்சல் மைனஸ் 71-க்கு இறங்கியது, குடம் குடமாகக் கேட்டது. ஆக, மைக் இரண்டும் நல்லவை. அவற்றை நாங்கள் திருப்பித் தரப்போவதில்லை.

இன்டர்ஃபேஸ் பற்றி. உங்கள் பக்கத்தில் உள்ள படத்தில் முன்முகத்தில் 'டைரக்ட் மானிட்டர்' குமிழ் இருக்கிறது. வந்த பெட்டியில் அந்த இடம் மொட்டையாக இருக்கிறது. இது அலங்காரக் குமிழ் அல்ல. அது இருந்தால் மைக் சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றாமல் நேரே ஹெட்போனுக்கு வரும். இல்லாததால் பாடுகிறவர் தன் குரலை லேப்டாப் வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் தந்த டிரைவரில் பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024-க்குக் கீழே இறக்கினால் 'டிக் டிக்' என்று வெட்டுகிறது. செகண்டுக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் 1024 என்றால் போக 23 மில்லி செகண்டு, வர 23. மொத்தம் 46, அதாவது பதினாறு மீட்டர் தள்ளி நிற்கிறவரின் பாட்டைக் கேட்கிற தாமதம். ஜால்ராக்காரர் இரண்டாவது வரியிலேயே தாளம் விட்டுவிடுகிறார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது.

அடுத்தது ஃபோம். 'சவுண்ட் புரூஃப்' என்று போட்டு விற்றிருக்கிறீர்கள். பன்னிரண்டையும் மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 640 கிராம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கக் கனம் வேண்டும். செங்கல் தடுக்கும், ஊதினால் காற்றுப் போகிற பஞ்சு தடுக்காது. அம்பாசமுத்திரம் பஸ்ஸின் ஹாரன் முன்பு எப்படி வந்ததோ அப்படியேதான் இப்போதும் வருகிறது. கைதட்டினால் சுவரில் 'டிங்' என்று எதிரொலித்தது நின்றது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஓர் அங்குல ஃபோம் உச்ச ஸ்தாயியை உறிஞ்சும், கீழ் ஸ்தாயியில் கை வைக்காது. இந்த அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, காங்கிரீட் கூரை பத்தடி உயரம். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56 ஹெர்ட்ஸ் அருகே அகலத்தின் முழக்கமும் உயரத்தின் முழக்கமும் சேர்ந்து விழுகிறது. அந்த அலையின் நீளம் ஆறு மீட்டர். ஓர் அங்குலம் அதற்கு என்ன செய்யும்? மூலையில் சாய்த்து வைத்த இரண்டு பழைய இலவம்பஞ்சு மெத்தை உங்கள் ஃபோமைவிட அதிகம் வேலை செய்தது. (பத்தமடைப் பாய் விரித்தும் பார்த்தோம். உட்கார நன்றாக இருக்கிறது.) நாலு அங்குல ராக்வூலை (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) மரச்சட்டத்தில் அடைத்து மூலைகளில் நிறுத்துவதுதான் முறை; அதை நாங்கள் செய்துகொள்வோம். 'எதிரொலி குறைக்கும்' என்று எழுதி விற்றிருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

ஸ்டாண்டுக்கும் மைக் கிளிப்புக்கும் மரை பொருந்தாமல் முப்பது ரூபாய்க்கு அடாப்டர் வாங்கியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கேட்பது இவ்வளவே. இரண்டு உள்கம்பியும் ஷீல்டும் கொண்ட ஐந்து மீட்டர் ஒயர் இரண்டு, பின் 1-க்கும் 3-க்கும் இடையே சோதித்து அனுப்புங்கள். இன்டர்ஃபேஸைப் படத்தில் உள்ளபடி டைரக்ட் மானிட்டர் உள்ளதாக மாற்றித் தாருங்கள். ஃபோமுக்குப் பில்லில் தனியாகப் போட்டிருக்கும் 1,440 ரூபாயைத் திருப்புங்கள். முழு செட்டையும் அனுப்பினால் 15 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொன்னதை ஏற்க மாட்டோம்.

மின் வணிக விதிகள் 2020-இன்படி, புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியவர் நீங்கள். மைக்குக்கு 48 வோல்ட்டும் வரவில்லை, எங்களுக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் வரவில்லை. இந்தக் கடிதத்துக்குப் பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை.

பில் நகல், திறந்த கனெக்டரின் படம், மீட்டர் காட்டிய அளவுகளின் படங்கள், இரண்டு ஒயரிலும் எடுத்த ஒலிப்பதிவுகள் இணைக்கப்பட்டுள்ளன. பழைய பொருளை எடுக்க ஆள் அனுப்பும்போது முன்கூட்டிச் சொல்லுங்கள். செவ்வாய், புதன் வேண்டாம். ஆடி மாதம், குழு கோயில் கொடை விழாவுக்குப் போயிருக்கும், வீடு பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பொறுப்பாளர்