மாணவர் செய்திக்குக் கால் பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

1997-இல் சேலத்தில் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளும் வருகின்றன, ஆனால் மாவட்டப் பக்கத்தில் மாங்காய் விலையும் ஒகேனக்கல் நீர்வரத்தும் வருகிற அளவுக்கு மாணவர் செய்தி வருவதில்லை. “தேர்வுக் கட்டணம் கட்ட நேத்தே கடைசி நாளாம்ப்பா” என்று என் மகள் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து போனில் அழுதாள். கல்லூரிப் பலகையில் அந்த அறிவிப்பு ஒரு பழைய தாளுக்கு அடியில் பாதி மறைந்து கிடந்திருக்கிறது. சரி, நாங்கள் அபராதத்தோடு கட்டிவிட்டோம். சிக்னலே எடுக்காத மலையோர ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வாரம் ஒருநாள் கால் பக்கம் ஒதுக்குங்கள். கட்டணத் தேதி, மறுமதிப்பீடு, பட்டமளிப்பு, அப்புறம் பிள்ளைகள் கபடியில் ஜெயித்த சேதியும் வரட்டும். டீக்கடையில் பேப்பர் பார்க்கிற அப்பாக்கள் நாங்கள் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவோம்.

– ஒரு மாணவியின் தந்தை, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்