கட்டிலைச் சுற்றிக் கொடி பிடித்தாளா?

ஆங்கில–தமிழ் அகராதி தொகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. சென்ற மாதம் ஒரு நாவலில், மருந்தைத் தள்ளிவைக்கும் கணவனிடம் மனைவி ‘ரிமான்ஸ்ட்ரேட்’ (remonstrate) செய்யும் இடம் வந்தது. மேசையிலிருந்த அகராதியைப் புரட்டினேன். ‘எதிர்ப்புத் தெரிவி, கண்டனம் செய்’ என்றிருந்தது. அப்படியே எழுதி அனுப்பினேன். படி திரும்பி வந்தபோது ஓரத்தில் பதிப்பாசிரியர் கேட்டிருந்தார்: ‘கட்டிலைச் சுற்றிக் கொடி பிடித்தாளா?’

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. தெருவில் இறங்கி முழக்கமிடும் ‘புரொட்டெஸ்ட்’டுக்கும் (protest) நீங்கள் இதே பொருளைத்தான் போட்டிருக்கிறீர்கள்.

‘மான்ஸ்ட்ராரே’ என்ற லத்தீன் வினைதான் ‘ரிமான்ஸ்ட்ரேட்’டின் வேர். காட்டுதல் என்று பொருள். தவறு இன்னது, காரணம் இன்னது என்று உரியவரிடமே எடுத்துக் காட்டுவதுதான் ரிமான்ஸ்ட்ரேட். அதனால்தான் பெரும்பாலும் கூடவே, ‘இன்னாரிடம்’ என்று காட்டும் ‘வித்’ (with) வருகிறது. ஆளே இல்லாத தெருவிலும் முழக்கம் போடலாம். இதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். நடுவரிடம் ஓடிப்போய்க் கையை விரித்து வாதாடும் கால்பந்து வீரருக்கு வர்ணனையாளர்கள் இந்தச் சொல்லைப் போடுவார்கள். (அவர் பக்கம் நியாயம் உண்டா என்பது வேறு கதை.)

1641-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் முதலாம் சார்லஸ் மன்னரிடம் கொடுத்த ‘கிராண்ட் ரிமான்ஸ்ட்ரன்ஸ்’ஸைப் பாருங்கள். ஆட்சியின் பிழைகளை ஒவ்வொன்றாக அடுக்கிய 204 கூறுகள். மக்களவையில் 159-க்கு 148 என்று தப்பிப் பிழைத்தது. ‘மாபெரும் கண்டனம்’ என்று பெயர்த்தால் அத்தனை கூறுகளும் ஒரே கூச்சலாகிவிடுகின்றன. 1657-இல் அமெரிக்காவின் ஃபிளஷிங் ஊரார் டச்சு ஆளுநர் ஸ்டைவெசன்டுக்கு எழுதிய மடலுக்கும் ‘ரிமான்ஸ்ட்ரன்ஸ்’ என்றுதான் பெயர். குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரை ஒடுக்கக் கூடாது என்று வாதாடி அதில் கையெழுத்திட்டவர்களில் குவேக்கர் ஒருவரும் இல்லை.

நம்மிடம் ‘இடித்துரை’ இருக்கிறதே! இடித்துச் சொல்வார் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்கிறது 448-ஆம் குறள். அங்கே இடிப்பவர் பகைவர் அல்லர், துணைவர். அரசவைக்கு இது கச்சிதம். நோயாளியின் கட்டிலருகே மட்டும் கொஞ்சம் கடுமை தட்டுகிறது. நான் கடைசியில் ‘எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்’ என்று மாற்றினேன். பதிப்பாசிரியர் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார்.

ஆகவே அடுத்த பதிப்பில் ‘இடித்துரை’, ‘எடுத்துச் சொல்லி வாதாடு’ இரண்டையும் சேருங்கள். ஆளுக்கொரு எடுத்துக்காட்டு வாக்கியமும் வேண்டும். ‘கண்டனம் செய்’யை எடுத்துவிடுங்கள். ஏறக்குறைய இதே பொருள் தரும் ‘எக்ஸ்பாஸ்டுலேட்’டின் (expostulate) கதியும் இதேதான், கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அகராதியை நாள்தோறும் புரட்டும் ஒருவன்