பானையில் கிடைத்த காசு யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால், எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி ஒரே வார்ப்பில் வருகிறது. தாசில்தார் வந்தார், கைப்பற்றினார், கருவூலத்தில் ஒப்படைத்தார். கடைசியில் "புதையல் அரசுக்கே சொந்தம்" என்று ஒரு வரி. அந்த வரி தவறு. அதைப் படித்துப் பயந்தே பல பானைகள் கலெக்டர் அலுவலகம் போகாமல் நகைப் பட்டறைக்குப் போகின்றன.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் சொல்வது வேறு. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் எது கிடைத்தாலும், என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் வைக்க வேண்டும், அல்லது அதற்கு ஜாமீன் கட்ட வேண்டும். அறிவிப்பு வெளியாகி 4 மாதத்துக்குப் பிறகு, 6 மாதத்துக்குள் விசாரணை. நூறு ஆண்டுக்குள் தன் வீட்டார் புதைத்தது என்று யாரும் உரிமை கோரி வராவிட்டால், கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். பேச்சு ஒத்துவராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், ஆனாலும் இந்தப் பங்கீட்டைக் குறை சொல்ல முடியாது. மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

குறை இருப்பது 16-ஆம் பிரிவில். புதையலை அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதுமாம். தங்கத்துக்கு இது கட்டுப்படியாகும். நாலு கிராம் செப்புக் காசுக்கு, அது சங்க காலச் சதுரக் காசே ஆனாலும், இந்தக் கணக்கில் பத்து ரூபாய் தேறாது. பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். மியூசியம் எடுத்துக்கொண்டால் தனிக் குழு ஒன்று மதிப்பிட்ட சந்தை விலை கிடைக்கும். நம் சட்டத்திலும் திருத்த வேண்டிய இடம் இதுதான்.

பானைக் காசுகள் பல கைகளுக்குச் சிதறினால் விலை மட்டுமா போகிறது? 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே ஒரு வெட்டு. அதில் ஒன்று மட்டும் தனியாகக் கடைக்கு வந்திருந்தால், "அடிபட்டது சார்" என்று வியாபாரி விலையைக் குறைத்திருப்பார். சேர்ந்து கிடந்ததால்தான், யாரோ திட்டமிட்டே அவற்றைச் செல்லாக்காசாக்கினார்கள் என்று புரிந்தது. பானை புதைந்த காலத்தைக் காட்டுவதும் அதில் கடைசியாக அச்சடிக்கப்பட்ட காசுதான். நல்லதாகப் பார்த்து நாலைப் பொறுக்கிக்கொண்டால் அந்தக் கணக்கே தப்பிவிடும்.

வாங்குகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. "தாத்தா பெட்டியில் இருந்தது" என்பது சான்று ஆகாது. பழைய ஏலப் பட்டியலின் தேதி, லாட் எண் (ஏலத்தில் அந்தக் காசுக்குக் கொடுத்த வரிசை எண்), படம் மூன்றையும் கேளுங்கள். கையால் அடித்த காசில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஓரத்து வெடிப்பையும் அச்சு மையம் விலகிய அளவையும் படத்தோடு ஒப்பிட்டால் அதே காசா என்று அங்கேயே தெரிந்துவிடும். எடை ஒத்துப்போவது மட்டும் போதாது. 2020-இல் லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம்போன, ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு, பிரபு ஒருவரின் பழைய சேகரிப்பிலிருந்து வந்ததாகத்தான் விற்கப்பட்டது. அந்தப் பூர்வீகம் போலி என்று தெரிந்து, 2023-இல் காசு கிரேக்கத்துக்குத் திரும்பியது.

இங்கே நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப வழியே இல்லை. கூரியரில் ஒரே ஒரு காசு போட்டாலும் குற்றம், தண்டனை குறைந்தது 6 மாதச் சிறை.

அடுத்த பானைச் செய்தியில் எத்தனை காசு, மொத்த எடை எவ்வளவு, கண்டெடுத்தவருக்கு என்ன பங்கு என்பதையும் போடுங்கள். புளி போட்டுத் துலக்க வேண்டாம் என்று ஒரு வரியும் சேருங்கள். செம்பில் பிடித்த பச்சையைத் தேய்த்தால் எழுத்தும் அதோடு போய்விடும்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
கரூர்